ஹாரன் பட்டன்

வெங்கடாசலம் பட்டனை அழுத்தினார்.

இரண்டு ஆணி முனைகளுக்கு நடுவே நீலப் பொறி சடசடவென்று பாய்ந்தது. அதே நொடியில், வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ கரகரவென்று இரைந்தது. பாட்டு அதற்குள் முங்கிப்போனது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரி, பஸ்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர் அவர். இந்தக் கருவியில் கடையில் வாங்கியது என்று எதுவும் இல்லை. ஓலக்கூர் பக்கம் கவிழ்ந்த ஒரு பழைய பெட்ரோல் பஸ்ஸின், பொறி கிளப்பும் இக்னிஷன் காயில். யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன லாரி ஹாரன். கரண்டை விட்டு விட்டு அனுப்ப அதனுள்ளே துடிக்கிற தகடு போதும். ஒரு பழைய கண்டன்சர். வண்டி கிளப்பத் தெம்பில்லாத பேட்டரி. அழுத்துவதற்கு, ஸ்டியரிங்கிலிருந்து பிடுங்கிய ஹாரன் பட்டன்.

எல்லாவற்றையும் ஒரு பலகையில் திருகிக் கொல்லைக் கொட்டகையில் வைத்திருந்தார்.

ஒருநாள் கை தவறிப் பட்டபோது தோள்பட்டை வரைக்கும் அறைந்தது. அன்றைக்கு இடது கையால்தான் சாப்பிட்டார். பார்க்க ஆளில்லாத வீட்டில் எந்தக் கையால் சாப்பிட்டால் என்ன.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவள் அவருடைய ஒரே மகள், பாஞ்சாலி.

தாயில்லாமல் அவர் வளர்த்தவள். தை மாதத்தில் ரேடியோ ரிப்பேர்காரன் ராஜாமணியோடு மயிலம் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். வேறு சாதிப் பையன்.

தனக்கு மகளே இல்லை, செத்துப்போய்விட்டாள் என்று தெரு கேட்கச் சொன்னார் வெங்கடாசலம். சொன்னதோடு நிற்காமல் கிணற்றடியில் போய்த் தலை முழுகினார்.

அந்த ஜோடிக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை. கடைசியில் ராஜாமணியின் முதலாளிதான் காலியாகக் கிடந்த தன் ஓட்டு வீட்டைக் கொடுத்தார். அது இவர் கொல்லைக்குப் பின்னால் அமைந்துபோயிற்று.

அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. பாஞ்சாலி கொல்லைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். துணி உலர்த்துவதுகூட வாசலில்தான். முருங்கை மரத்துக்கு அப்பால் ஓட்டுக் கூரையும் சுவரும்தான் தெரியும். சாயங்காலமானால் ராஜாமணி அவளுக்காகச் செய்துகொடுத்த ரேடியோ கேட்கும்.

அந்த ரேடியோவைத்தான் இவர் ஆடி மாதத்திலிருந்து கெடுத்துக்கொண்டிருந்தார்.

ராஜாமணி பாவம், வால்வை மாற்றினான். எர்த் கம்பியைத் தோண்டி எடுத்து மறுபடி புதைத்தான். ஊர் ரேடியோவையெல்லாம் சரிபண்ணுகிறவன் வீட்டு ரேடியோ இரைகிறது என்று கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு, இது யார் வேலை என்பது தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. சண்டைக்குக் கிளம்பியவனை, அப்பாவிடம் போக வேண்டாம் என்று பாஞ்சாலிதான் பிடித்து நிறுத்தினாளாம்.

எதிர்வீட்டுக் குப்பம்மாள் நேரிலேயே கேட்டுவிட்டாள்.

"வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு ஒரு பாட்டு கேட்டுக்கினு இருந்தா, உங்களுக்கு இன்னா பேஜாருண்ணா?"

வாயும் வயிறுமாக இருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

இன்றைக்கும் பட்டனை அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தார். கருகல் வாசம் அடித்தது. கண் பொறியில் இல்லை. கொட்டகைத் தட்டியின் இடுக்கில் இருந்தது.

தூக்கிப்போட்ட காயில்களில் எதிலாவது உயிர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் முதலில் இந்தக் கருவியைச் செய்தார். முதல் சாயங்காலம் அழுத்தியதும் அந்த வீட்டு ரேடியோ இரைந்தது. அவரே எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கொல்லைக் கதவு திறந்தது. காற்றில் கம்பி விலகிவிட்டது என்று நினைத்து, ஏரியல் கட்டிய மூங்கில் கம்பத்தை ஆட்டிப் பார்க்க பாஞ்சாலி வெளியே வந்தாள்.

தைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. வயிறு தெரிந்தது.

பார்க்கிற மட்டும் பார்த்துவிட்டு விரலை எடுத்தார். பாட்டு வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அதிலிருந்து தினமும் இப்படித்தான்.

கதவு திறந்தது.

இன்றைக்கும் பாஞ்சாலி இடுப்பில் ஒரு கையை ஊன்றி மெல்ல வந்தாள். நடை கனத்திருந்தது. அவளுடைய அம்மா இதே மாதிரி நடந்து அவர் பார்த்திருக்கிறார்.

கம்பத்தைப் பிடித்தாள். ஆட்டவில்லை. இந்தப் பக்கம் திரும்பி நின்றாள். பொழுது மங்கிவிட்ட நேரம். தட்டி இடுக்குகளில் நீல வெளிச்சம் துடிப்பது அங்கிருந்து நன்றாகவே தெரியும்.

தெருவுக்கே தெரிந்த விஷயம் இவளுக்குத் தெரியாதா என்று வெங்கடாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று விரலை எடுத்தார். கொட்டகை இருண்டது.

அந்த வீட்டில் பாட்டு பளிச்சென்று கேட்டது.

"வந்துடுச்சி, பாஞ்சாலி. உள்ள வா," என்று ராஜாமணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

அவள் கம்பத்தை விடவில்லை. முகத்தையும் திருப்பவில்லை.

"இருங்க," என்றாள். "இன்னும் சரியா புடிக்கல."