கெபாசிட்டரும் தாலியும்

"கடைசி நாளுன்னா மட்டும் என்ன? சங்கிலியக் கழட்டு லா, சீதாலெட்சுமி."

சுபாங் சிறுவிமானப் பட்டறையின் மேற்பார்வையாளர் லியனார்ட் வழக்கம்போல் மிரட்டினார். சீதாலெட்சுமி சிரித்துக்கொண்டே தாலிச் சங்கிலியைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இன்றோடு அவளுக்குப் பணி ஓய்வு.

விமானத்தின் இருக்கைக்குப் பின்னால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர், மைலோ பானத்தூள் டின் அளவுக்கு இருந்தது. அதன் இரண்டு முனைகளுக்கும் ஒரு பல்பை இணைத்தாள். பல்பு எரிந்து, மங்கி, அணைந்தது. மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் ஸ்பேனரை எடுத்தாள்.

"எழுபத்தாறாம் வருஷம், மொத நாளு, ஞாபகம் இருக்கா?" என்றார் லியனார்ட்.

"மறக்குமா அண்ணே? அழ வச்சிட்டீங்களே."

"பின்ன? சுவிட்ச அணைச்சாலும் பேட்டரியக் கழட்டினாலும் இதுக்குள்ள கரண்ட் அப்படியே நிக்கும். சங்கிலி ரெண்டு முனையிலயும் பட்டுச்சுன்னா தங்கம் உருகிக் கழுத்தோட ஒட்டிக்கும். அதான் தாலியா வேலையான்னு கேட்டேன்."

"வேலை இல்லன்னா ரெண்டு புள்ளைங்களும் பட்டினி. ஆனா இதக் கழட்டறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது அண்ணே."

"அன்னைக்கும் இதையேதான் சொன்ன. அரை மணி நேரம் கதவுகிட்டயே நின்ன. எனக்கே பாவமாப் போச்சு. அப்புறம்தான் என் அலமாரியக் காலி பண்ணிக் குடுத்தேன்."

பட்டறை முழுக்க ஆண்கள். ஆனாலும் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் வரம்பு மீறிப் பேசியதில்லை. இனி இந்த எண்ணெய் வாசனை கிடைக்காதே என்று ஏக்கமாக இருந்தது.

மாலையில் கேக் வெட்டினார்கள். லியனார்ட் தாமே அவளிடம் சாவி வாங்கிச் சங்கிலியை எடுத்து வந்து கொடுத்தார்.

"போட்டுக்கம்மா. இனிமே யாரும் இதக் கழட்டச் சொல்ல மாட்டாங்க. வீட்டுக்காரரக் கேட்டதாச் சொல்லு. ஒரு நாளாச்சும் கூட்டிட்டு வந்து காட்டினியா நீ?"

"சொல்றேன் அண்ணே."

பஸ் அவள் வீடிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸை நெருங்கியது. சீதாலெட்சுமி நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தாள். பதினைந்து வருடமாகத் தினமும் செய்வதுபோல், தாலியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எழுபத்தைந்தாம் ஆண்டிலேயே இறந்துபோன கணவரின் படம் மாலையோடு தொங்கும் வீட்டுக்குள் நுழைந்தாள்.