வெளியாள்

புகாரை விசாரிக்க நான் போனபோது இரண்டு பெண்களும் தலையில் துணித்தொப்பியோடு சமையலறையில் நின்றார்கள்.

மூத்தவர் பிஸ்கட் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இளையவள் ஆறிய பிஸ்கட்டைப் பொட்டலம் போட்டுத் தேதிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

குடியிருப்புப் பகுதியில் வீட்டிலேயே தின்பண்டம் செய்து விற்க உரிமம் உண்டு. வாசலில் பெயர்ப்பலகை கூடாது. வீட்டு மனிதர்கள் மட்டுமே வேலை செய்யலாம். வெளியாள் ஒருவர் சேர்ந்தாலும் அது தொழிற்கூடம் ஆகிவிடும், உரிமம் ரத்து. இந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

சட்டம் போட்டவன் நானில்லை. சரிபார்க்கிறவன்.

ஓவன் சுத்தம், தரை சுத்தம், மாவு டப்பாக்களுக்கு மூடி இருந்தது. குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அன்று ஒன்றும் அகப்படவில்லை.

"இவங்க யாரும்மா?"

"மருமக."

இளையவள் ஒட்டிக்கொண்டிருந்த சீட்டு கோணலாக விழுந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். என் பையில் இருந்த புகார்க் கடிதத்தோடு விவாகரத்துத் தீர்ப்பின் நகல் ஒன்றும் இருந்தது. தேதி எட்டு மாதம் பழையது.

புகார் கொடுத்தவர் யார் என்று நாங்கள் சொல்லக்கூடாது. அதனால் கடிதத்தைப் பையிலேயே விட்டுவிட்டு, நகலை மட்டும் மேசைமேல் வைத்தேன். இருபது வருட அனுபவம் இருந்து என்ன, அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

மூத்தவர் படித்தார். கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு இளையவளைப் பார்த்தார்.

"என்னோடது என் பெட்டியிலதான் இருக்கு அத்தை."

கோர்ட்டில் கொடுத்தது இரண்டே பிரதி. ஒன்று மனைவிக்கு, ஒன்று கணவனுக்கு.

மூத்தவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. உரிமம் போய்விடும் என்ற பயம் அதில் இல்லை.

படிவத்தை எடுத்தேன். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது விதி.

வீட்டில் வெளியாள் யாராவது உண்டா என்று படித்தேன்.

"ஒருத்தன் இருந்தான் சார். பெத்து வளத்தது நான்தான். இப்ப யாரும் இல்ல."

எதிரே இருந்த கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.