துணைக்கு வந்தவர்

வாசலில் நின்றவர் அப்பாவைத் தாண்டி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. மொத நாள் கஷ்டமாத்தான் இருக்கும்."

பிடித்த கையை விடவில்லை. தன் பெயர் சிரில் என்றார். தானும் ஒரு காலத்தில் குடித்து அழிந்தவன்தான் என்றார். போனில் பேசியது தான்தான் என்றார்.

தவறு எங்கே நடந்தது என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

போனில் அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்காகக் கேக்குறேன் சார். குடியை விடுறவங்க கூட்டம் இங்க எங்க நடக்குது?" என்றிருந்தான்.

மறுமுனையில் ஒரு கனிவான சிரிப்பு.

"எல்லாரும் அப்பிடித்தான் தம்பி கேப்பாங்க."

இப்போது நேரில் ஆதாரமும் சேர்ந்துவிட்டது. அவனுக்குத் தாடி. செமஸ்டருக்குப் படித்துச் சிவந்த கண். பின்னால் அப்பா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பையில் பேனா. கூட்டுறவு வங்கி மேலாளர். இருவரில் யார் குடிகாரர் என்று போலீஸைக் கேட்டாலும் அவனைத்தான் காட்டும்.

அவன் வாழ்நாளில் குடித்ததிலேயே காட்டமானது இஞ்சி டீ.

சொல்லிவிட வாயைத் திறந்தான்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ச் வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. வகுப்பறை அது. ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் பெரியவர்களுடையது. சுவரில் பழங்களின் படம் மாட்டியிருந்தது. ஒரு மாதுளம்பழத்தை யாரும் அத்தனை நேரம் பார்க்க முடியாது.

அவரை இங்கே கூட்டி வர ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. அம்மா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்த பிறகுதான் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரே ஒரு தடவ. எவனாவது என்னையக் குடிகாரன்னு சொன்னா எந்திரிச்சு வந்துடுவேன். அப்புறம் கூப்பிடாத."

இதுவரை யாரும் சொல்லவில்லை.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"சார் நீங்க?" என்றார் சிரில்.

"இவனோட அப்பா. துணைக்கு வந்தேன்."

உள்ளே எல்லாம் குட்டி நாற்காலிகள். முழங்கால்கள் தாடையைத் தொட, ஊரின் கனத்த மனிதர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரும் இருந்தார். அவனைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. இந்த வயசிலேயேவா என்பது போல.

அவனுக்கு ஆறுதலாகத் தலையசைத்தார்.

அவனும் அசைத்தான். வேறு என்ன செய்வது.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவன் முறை வந்தபோது, இன்றைக்கே பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றார் சிரில். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"சார் எதாவது சொல்றீங்களா?"

அப்பா எழுந்தார். வங்கியின் ஆண்டு விழாவில் செருமுவது போலத் தொண்டையைச் செருமினார்.

"நல்ல பையன் சார். சேர்க்கை சரியில்ல."

அத்தோடு உட்கார்ந்துவிடுவார் என்றுதான் அவன் நினைத்தான்.

உட்காரவில்லை.

"பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெப்பான். கேட்டா சாமி படத்து மேல சத்தியம் பண்ணுவான். பண்ணும்போது நெசமாவேதான் சார் பண்ணுவான்."

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். தெரிந்தவர்களின் சிரிப்பு.

"எம்பொண்ணு நிச்சயதார்த்தம். தட்டு மாத்துற நேரம். இவன் அந்தத் தட்டு மேலயே விழுந்துட்டான்."

அவன் தலை நிமிர்ந்தான்.

வீட்டில் அந்த நாளைப் பற்றி யார் எப்போது கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான். எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல.

"மாப்பிள்ளையோட அம்மா சேலையெல்லாம் குங்குமம். தட்டிவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்த எடம் அதோட நின்னுபோச்சு. எம்பொண்ணு போட்டோவுக்குன்னு சிரிச்சுக்கிட்டு இருந்தா. அத நிறுத்தவே இல்ல சார். எப்ப நிறுத்தணும்னு அவளுக்கு யாரும் சொல்லல. தரையில கெடந்து நா…"

அப்பா பேச்சை நிறுத்தினார்.

"தரையில கெடந்து இவன் அதப் பாத்துக்கிட்டே இருந்தான்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தவன் அவன்தான். கண் மூடியிருந்தது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"இன்னும் அவகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கல சார். கேட்டா, ஞாபகம் இருக்குன்னு ஆயிடும்ல."

அப்பா உட்கார்ந்தார். நாற்காலி சின்னது என்பதை மறந்துவிட்டிருந்தார். சிரில் பிடித்துக்கொண்டார்.

இதை அக்கா கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும், விழுந்தது தம்பி என்றுதான் கேட்டிருப்பாள்.

"தம்பி?" என்றார் சிரில்.

அவன் எழுந்தான். தாடியைத் தடவிக்கொண்டான்.

"அப்பா சொன்னது எல்லாமே உண்மைதான் சார்."

புதியவர்களுக்குக் கைதட்டுவது அங்கே வழக்கம். தட்டினார்கள்.

அப்பாவும் தட்டினார்.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். அப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அப்படியும் கொஞ்சம் சிந்தியது. சிரில் அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவன் தோளில் கை போட்டு, அவனிடமே கேட்டார்.

"அடுத்த ஞாயிறு?"

அவனுக்கு என்ன தெரியும். அப்பாவைப் பார்த்தான்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இவன விட்றாதீங்க சார். நான் கூட்டிட்டு வர்றேன்."