மூடிக் கிடந்த கிணறு

"கிணத்தைத் திறந்தாச்சா?"

குரல் கேட்டுச் சண்முகசுந்தரம் திரும்பினான். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி நின்றிருந்தாள். கையில் குடை இருந்தும் விரிக்கவில்லை. உச்சி வெயிலில் அந்த மந்தைவெளித் தெருவே கதவடைத்துக் கிடந்தது.

"நாளைக்குத்தாங்க திறக்கணும். நீங்க யாரு?"

அவள் மனைக்குள் நடந்தாள். வக்கீல் வீட்டை இடித்துப் பத்து நாளாகியிருந்தது. எட்டுக் குடும்பங்களுக்கு மாடிக் கட்டடம் எழும்பப் போகும் அந்த இடத்தில், செங்கல் பொடியையும் பின்பக்கத்துக் கிணற்றையும் தவிர எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் அவள் நேராகப் போகவில்லை. வெறும் தரையில், இல்லாத சுவர்களைச் சுற்றிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் நின்று, தலையைக் குனிந்து, எதையோ தாண்டினாள்.

சண்முகசுந்தரம் உற்றுப் பார்த்தான். சரியாக அந்த இடத்தில்தான் சமையலறையின் குட்டை நிலைப்படி இருந்தது. அதைப் பெயர்க்கச் சொன்ன என்ஜினீயரே அவன்தான்.

அவள் கிணற்றின் இரும்பு மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உள்ளே என்ன கிடைக்கறதுன்னு எனக்குச் சொல்லணும். மறுபடியும் வரேன்" என்றாள், போய்விட்டாள்.

டீக்கடைக்குப் போயிருந்த வாட்ச்மேன் அக்பர் பாஷா வந்தான்.

"பாஷா, எதிர்ல ஒரு அம்மா வந்தாங்களா?"

"யாரும் வர்ல சார். தெருவே காலியா கீது. இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்ச்சு?"

சாயங்காலம் எதிர்வீட்டுக் கிச்சா அவனைத் தேடி வந்தார். பள்ளிக்கூட வாத்தியார்; அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"கிணத்தைத் திறக்கப் போறேளாமே. வேண்டாம், மூடியே இருக்கட்டும்."

"சார், மூணு நாளைக்கு ஒரு தடவை தண்ணி லாரி வருது. குடத்துக்காக நேத்து ரெண்டு பொம்பளைங்க மண்டை உடைஞ்சுது. இந்தக் கிணத்துல நல்ல ஊத்து இருக்கு. தூர் வாரி பம்பு போட்டா, தெரு முழுக்கக் குழாய் விடலாம்."

"விட்டாலும் ஒருத்தரும் ஒரு சொட்டுத் தொட மாட்டோம்." கிச்சா குரலைத் தாழ்த்தினார். "உள்ளே ஜானு இருக்கா. வக்கீலோட ஒரே பொண்ணு. ஐம்பத்து மூணாம் வருஷம் விழுந்துட்டா. கிணத்து மேல தாவணி கிடந்ததுன்னு அவ அப்பா கதறினார். பாதாளக் கரண்டி போட்டுத் துழாவினா. அகப்படலை. சேறு இழுத்துடுத்துன்னா. அன்னிக்கே வக்கீல் இரும்பு மூடி போட்டுட்டார். அவர் போற வரைக்கும் கிட்டப் போக யாரையும் விடலை. இப்போ அவர் பிள்ளை டெல்லியிலேர்ந்து மனையை வித்துட்டான்."

சண்முகசுந்தரம் மத்தியானம் வந்தவளைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் மூடியைத் திறந்தார்கள். இருபது வருஷ நாற்றம் மேலே வந்தது. ஆட்கள் இறங்கிக் கறுப்புச் சேற்றைக் கூடை கூடையாக ஏற்றினார்கள். உச்சி வேளையில் அவர்கள் சாப்பிடப் போனதும், கைப்பிடிச் சுவரருகே அவள் நின்றிருந்தாள். வந்ததை அவன் பார்க்கவில்லை.

"இன்னும் எவ்வளவு ஆழம் இருக்கு?"

"ஆறடி சேறு" என்றான் அவன். "நீங்க யாருன்னு சொல்லவே இல்லையே."

"இந்த ஆத்துப் பொண்ணு" என்றாள் அவள், கிணற்றுக்குள் பார்த்தபடியே.

அவன் அக்பர் பாஷாவைத் தேடினான்; பாஷாவும் சாப்பிடப் போயிருந்தான். கண்ணை இறுக மூடி, முருகன் பேரை நூறு தடவை சொல்லிக்கொண்டான். திறந்தபோது அங்கே யாரும் இல்லை. அன்று வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்தான். வேலையை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தான். ஆனால் காலையில் லாரிக்குப் பின்னால் ஓடிய பெண்களைப் பார்த்ததும், "இறங்குங்கப்பா" என்று சொல்லிவிட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அடிமணல் தெரிந்தது. விஷயம் பரவி, தெருவே கிணற்றைச் சுற்றிக் கூடியிருந்தது. அக்பர் பாஷாவே இறங்கித் தேடினான்.

"ரெண்டு வாளி, ஒரு பித்தளைச் சொம்பு, உடைஞ்ச பானை. அவ்ளோதான் சார்" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தான். "எலும்புன்னு ஒரு துண்டுகூட இல்ல. தண்ணி ஊறிக்கினே கீது, சீக்கிரம் கயித்தைப் போடுங்க."

அவன் மேலே வந்தான். யாரும் நகரவில்லை. "சேத்தோட கரைஞ்சு போயிருப்பா" என்றார் கிச்சா. "அந்தத் தண்ணியை எப்படிக் குடிக்கறது?"

அப்போது கூட்டம் தானாக விலகியது. அவள் நடந்து வந்தாள். இந்த முறை எல்லோரும் பார்த்தார்கள்.

கிச்சாவின் கை சண்முகசுந்தரத்தின் கையை இறுகப் பிடித்தது. "ஜானு" என்றார். பெயரைக் கேட்டதும் வயதான பெண்கள் சிலர் பின்வாங்கித் தெருவுக்கே ஓடினார்கள்.

அவள் வாளியை இறக்கி, புதுத் தண்ணீர் ஊறித் தெளியும்வரை காத்திருந்தாள். பிறகு இழுத்தாள். கனத்தில் மூச்சு வாங்கியது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"பொண்ணு ரேடியோக் கடை அப்துல் கய்யூமோட போயிட்டான்னு சொல்றதைவிட, கிணத்துல விழுந்து செத்தான்னு சொல்றது அப்பாவுக்குச் சௌகரியமா இருந்தது, கிச்சாண்ணா. இருபத்திரண்டு வருஷமா நான் திருச்சியில குடித்தனம் பண்ணிண்டிருக்கேன். பயப்படாம எல்லாரும் குடத்தை எடுத்துண்டு வாங்கோ."