கிழிந்த நாற்காலியும் கடைசி மூன்று நொடியும்

"தம்பிக்கு இன்னும் எட்டாயிரம் குறையுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டலைன்னா புதுக் கடை கைவிட்டுப் போயிடும். காதுல விழுதா?"

விழவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் லேப்டாப்புக்குள் தலையை விட்டிருந்தார்.

மனுஷனுக்கு ஆபீசில் 'மூணு நொடி' என்று பட்டப்பெயர். ஆன்லைன் ஏலத்தில் முன்கூட்டியே விலை கேட்கிறவன் முட்டாள், ஆசையைக் காட்டினால் விலை ஏறும், கடைசி மூணு நொடியில் அடித்தால் எதிராளிக்கு எச்சில் விழுங்கக்கூட நேரமிருக்காது என்று கேண்டீனில் பாடமே எடுப்பார். சரியான நொடியில் தானாக விலை கேட்க ஒரு சாஃப்ட்வேர் வேறு. அந்தப் புண்ணியத்தில் வீட்டில் மூன்று டோஸ்டர் இருந்தன. மூன்றும் வேலை செய்யாது.

"நான் பணம் வெச்சு அனுப்பின கவரையும் அப்படியே திருப்பி அனுப்பிட்டான். நீங்க போய் ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"உன் தம்பி பெரிய மானஸ்தன். நான் சொன்னா மட்டும் வாங்கிடுவானா? கொஞ்சம் சும்மா இரும்மா, ஒரு நிமிஷம்தான் இருக்கு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவன் ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு ரெண்டு மாசமாக அல்லாடுகிறான். இந்தக் கல்நெஞ்சருக்கு ஏலம் கேட்கிறது! அப்படி என்னத்தைத்தான் வாங்குகிறார் என்று எட்டிப் பார்த்தாள்.

ஒரு சுழல் நாற்காலி. சீட் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. ஐந்து சக்கரத்தில் ஒன்றைக் காணோம். விலை முந்நூறு.

"கருமம்! இதை ஓசியில குடுத்தாக்கூட எவனும் சீந்த மாட்டானே!"

"உஷ்! அஞ்சு... நாலு..."

மூன்றாவது நொடியில் விலை ஒரே தாவலாகத் தாவி எட்டாயிரத்து இருநூறில் போய் நின்றது. ஏலம் முடிந்தது. 'வாழ்த்துகள், பொருள் உங்களுக்கே' என்றது லேப்டாப்.

"ஐயையோ! எந்தப் பாவி இப்படி ஏத்திவிட்டான்?" என்று அலறினாள்.

மேஜை மேலிருந்த அவருடைய போன் கீச்சென்றது. 'வருந்துகிறோம், இந்தப் பொருள் உங்களுக்குக் கிடைக்கவில்லை.'

அவள் போனைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள்.

"லேப்டாப்புல ஜெயிச்சது யாரு?"

"நான்தான்."

"போன்ல தோத்தது?"

"அதுவும் நான்தான். வேற பேர்ல."

"அப்ப உங்களோட போட்டி போட்டு விலையை ஏத்தினது?"

அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டுலயும் சாஃப்ட்வேரைப் போட்டு வெச்சுட்டேன் போலிருக்கு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கற வாத்தியார், தன்னோட தானே மல்லுக்கட்டி எட்டாயிரத்தைத் தொலைச்சிருக்கார்! என் தம்பி கஷ்டத்துக்கு வராத பணம் கிழிஞ்ச நாற்காலிக்கு வருது. உங்களைக் கட்டிக்கிட்டு என்னத்தைக் கண்டேன்? அந்தச் சனியனை வீட்டுல எங்கே போடறதா உத்தேசம்?"

"வீட்டுக்கு வராது. ஆபீஸ் வாட்ச்மேன் விலாசம் குடுத்திருக்கேன்."

"அதானே, அவராவது உட்காரட்டும்!"

அவளுடைய போன் அடித்தது. தம்பி.

"அக்கா! அட்வான்ஸ் ரெடி!"

"எப்படிடா?"

"கடை நாற்காலியைக் காயலான் கடைக்காரன் நூறுக்கே யோசிச்சான்க்கா. சும்மா ஆன்லைன் ஏலத்துல போட்டு வெச்சேன். கடைசி மூணு நொடியில எங்கிருந்தோ ரெண்டு கிறுக்கனுங்க வந்து ஒருத்தனை ஒருத்தன் முட்டி மோதி, எட்டாயிரத்து இருநூறுக்குத் தள்ளிவிட்டுட்டானுங்க! என்னா கிறுக்கனுங்கடா சாமி!"

அவள் சட்டென்று லேப்டாப் பக்கம் திரும்பினாள். திரையில், விற்பவர் பெயர் இருந்த இடத்தை இப்போதுதான் பார்த்தாள். தம்பி கடையின் பெயர்.

"மாமாகிட்ட சொல்லுக்கா. யார்கிட்டயும் கை நீட்டாம நானே சமாளிச்சுட்டேன்னு."

வீட்டுக்காரர் வாயில் விரலை வைத்து, சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"சொல்றேன்டா," என்றாள். "ஆனா அவங்களைக் கிறுக்கனுங்கன்னு சொல்லாதே. ரெண்டு பேருமே ரொம்ப நல்ல மனுஷங்க."