கேட்குதா, தம்பி?

குமரகுரு வீட்டு ஹாலில் பெரிய வைஃபை பெட்டி ஒன்றும், நடைவழியில் சின்னப் பெட்டி ஒன்றும் இருந்தன. பின்னறை வரை சிக்னலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சின்னதின் வேலை. வீடு முழுக்க ஒரே அலைவரிசை என்பதால், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

பெரியது ஓயாமல் விசாரிக்கும். "தம்பி, நான் பேசுறது கேட்குதா?"

"பிரமாதமா கேட்குது, அண்ணே."

"எவ்வளவு பிரமாதமா?"

"அஞ்சு கோடும் முழுசா இருக்கு, அண்ணே."

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னறையில் மகள் தமயந்திக்கு வீடியோவில் வேலைக்கான நேர்காணல் நடந்தது. அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் பெரியது விசாரித்தது. அவள் முகம் திரையில் உறைந்து நின்றது. "சார், லைன்ல இருக்கீங்களா சார்?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள். சின்னதுக்கு மனசு தாங்கவில்லை.

"அண்ணே, அந்தப் பொண்ணு பேசி முடிச்சிடட்டுமே."

"அது கிடக்கட்டும். நான் பேசுறது கேட்குதா?"

சின்னது முதன்முறையாகப் பதில் சொல்லவில்லை. தமயந்தியின் பேச்சை மட்டும் ஒரு வார்த்தை சிந்தாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அரைமணி நேரத்தில் அவளுக்கு வேலை உறுதியானது.

பதில் வராததால் பெரியது சிவப்பு விளக்கைப் போட்டது. குமரகுரு சின்னதைக் கழற்றி, பழுது என்று கடையில் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வந்தார். புதியது, கேட்பதற்கு முன்பே பதில் சொல்லும். இப்போது இரண்டிலும் பச்சை விளக்கு எரிகிறது. தமயந்தி மொட்டைமாடியில் உட்கார்ந்து, போன் டேட்டாவில் வேலை பார்க்கிறாள்.