இன்னும் ஒரு பக்கம்

யார் கூப்பிட்டாலும் ஆவுடையப்பன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். ஆள்காட்டி விரல் மட்டும் உயரும். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். முப்பது வருஷமாக அந்த விரலுக்குக் கட்டுப்பட்டு, ஆறிப்போகும் காபியோடு கதவோரம் நின்றவள் அவர் மனைவி கோமதி. அன்று மாலை அவள் அடுக்களையிலிருந்து, "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றாள். அவர் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் யாரோ ஒருத்தி செத்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகக் கண்ணீர் வழிய, அடுக்களைச் சுவரின் பக்கமாக விரலை உயர்த்தினார். கோமதி மறுபடி கூப்பிடவில்லை. பக்கத்தை முடித்துவிட்டுப் போனபோது அவள் தரையில் கிடந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "அப்பா, நேரமாச்சு. வாய்க்கரிசி போட வாங்க" என்று மகள் செண்பகம் கூப்பிட்டாள். வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவரின் விரல் தானாக உயர்ந்தது.

"பாவம், அனுப்ப மனசு வரல. கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று உறவினர்கள் விலகி நின்றார்கள்.

செண்பகம் மட்டும் அருகில் வந்து, அந்த விரலைப் பிடித்து மெதுவாக மடக்கினாள். அவள் கையை எடுத்ததும் அது மறுபடி எழுந்தது.